விழுமியம் எந்தப் பாடவேளையில்? மேல்நிலை வேதியியலைத் திட்டமிடும்போது எழும் கேள்விகள்

2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2017-18 கல்வியாண்டிலிருந்து நடந்துவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கே ஒரு காரணம் இருந்தது: பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிச் சென்று, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்திக்கொண்டிருந்தன. தேர்வு நீங்கிய இடத்தில் அந்தப் பழக்கம் திரும்பலாம். அல்லது மதிப்பெண் நெருக்கடி சற்றே தளர்ந்த ஓர் ஆண்டை நல்ல விதமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவது வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது 'பாடத்தோடு விழுமியக் கல்வி' என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. மொழிப் பாடத்திலும் வரலாற்றிலும் அதன் பொருள் ஓரளவு விளங்கிவிடுகிறது. மோல் கணக்கும் சமநிலை மாறிலியும் நடத்தப்படும் வகுப்பில் அது எதைக் குறிக்கிறது என்பதில்தான் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் குழப்பம் இருக்கிறது. அந்தக் குழப்பத்தை அடிப்படையிலிருந்து பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழுமியம் என்று எதைச் சொல்கிறோம்

விதி, நீதிபோதனை, விழுமியம் ஆகிய மூன்றும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 'ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணிக' என்பது விதி. மீறினால் தண்டனை உண்டு. கண்காணிப்பவர் இல்லாதபோது அதன் வலிமை குறைந்துவிடும். நீதிபோதனை என்பது வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, நல்லவை இவை என்று எடுத்துச் சொல்வது. விழுமியம் என்பது ஒருவர் முடிவெடுக்கும் நேரத்தில் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் பிடிமானம். முடிவெடுக்கும் சந்தர்ப்பங்களின் வழியாகவே அது பழக்கத்துக்கு வருகிறது. சொல்லிக் கொடுத்தால் மட்டும் வராது.

வேதியியலுக்குள் இயல்பாகவே பொதிந்துள்ள விழுமியங்களை மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம்.

1. அறிவு சார்ந்தவை: கண்டதைக் கண்டபடி பதிவு செய்தல், அளவீட்டின் ஐயப்பாட்டை மறைக்காமல் சொல்லுதல், சான்று மாறினால் முடிவை மாற்றிக்கொள்ளுதல்.

2. செயல் சார்ந்தவை: தேவையான அளவே பொருளைப் பயன்படுத்துதல், அருகில் நிற்பவரின் கண்ணையும் கையையும் காத்தல், கழிவுக்குத் தானே பொறுப்பேற்றல்.

3. சமூகம் சார்ந்தவை: ஒரு வினையின் விளைபொருளால் பயன்பெறுபவர் யார், பக்க விளைபொருளைச் சுமப்பவர் யார் என்று கேட்டல்.

இந்த வரிசையை மாற்ற முடியாது என்பது என் கருத்து. தன் பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) அளவீட்டைத் திருத்தி எழுதப் பழகிய மாணவர், ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் அறிக்கையில் உண்மையை எதிர்பார்ப்பதற்கான தளத்தைத் தானே இழந்துவிடுகிறார்.

வேதியியல் கற்பித்தலில் இந்த எண்ணம் புதியதன்று. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியலைக் கற்பவர் கண்ணால் காண்பது, அணு மூலக்கூறு அளவில் நிகழ்வது, குறியீடாக எழுதுவது என்ற மூன்று முனைகளுக்கிடையே நகர்கிறார் என்று ஒரு முக்கோணத்தால் விளக்கினார். கனடாவின் பீட்டர் மஹாஃபி அந்த முக்கோணத்தோடு மனிதர் என்ற நான்காவது முனையைச் சேர்த்து அதை ஒரு நான்முகி ஆக்கினார். நான்முகியில் ஒவ்வொரு முனையும் மற்ற மூன்றோடும் விளிம்பால் இணைந்திருக்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மனிதர் என்ற முனை பாடத்தின் பின்னிணைப்பாக இருந்தால் அந்த வடிவம் கிடைக்காது.

இப்போதைய அமைப்பில் அது எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் 15 அலகுகள் உள்ளன. கடைசி அலகு சுற்றுச்சூழல் வேதியியல். பன்னிரண்டாம் வகுப்பிலும் 15 அலகுகள். கடைசி அலகு அன்றாட வாழ்வில் வேதியியல். ஆண்டின் இறுதி வாரங்கள் எப்படிக் கழியும் என்பது பள்ளியில் பணிபுரிந்த எவருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவே அந்த அலகுகள் வினா விடையாகச் சுருங்கிவிடுகின்றன. அமில மழைக்கு வரையறை இரண்டு வரி, பசுமை வேதியியலுக்கு நான்கு குறிப்புகள், அத்தோடு அலகு முடிந்தது. பாடநூல் ஆசிரியர்களின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. விழுமியத்துக்குத் தனி அலகு என்று ஒதுக்கிய உடனேயே அது எளிதில் கழற்றி வைக்கக்கூடிய உறுப்பாகிவிடுகிறது. எனவே புதிய அலகு ஒன்றைச் சேர்ப்பது தீர்வாகாது. ஏற்கெனவே உள்ள அலகுகளில், கணக்கும் விழுமியமும் ஒரே கேள்வியாக நிற்கும் இடங்களைக் கண்டெடுப்பதே வழி.

அப்படிப்பட்ட இடமா என்று அறிய ஓர் உரைகல் போதும். வேதியியலை நீக்கிவிட்டாலும் அந்த விவாதம் அப்படியே நடக்குமானால் அது சமூக அறிவியல் வகுப்புக்கு உரியது. விழுமியக் கேள்வியை நீக்கினாலும் பாடத்தில் எதுவும் குறையவில்லை என்றால் அது வெறும் ஒப்பனை. இரண்டில் எதை எடுத்தாலும் மற்றது முடங்கிப்போகும் இடங்களே திட்டத்துக்குள் வரத் தகுதியானவை.

முதல் இடம்: பியூரெட்

ஒரு கரைசலின் செறிவை, செறிவு தெரிந்த இன்னொரு கரைசலோடு வினைபுரியச் செய்து கண்டறியும் தரம் பார்த்தல் சோதனையில் மாணவர் குறைந்தது இரண்டு ஒத்த அளவீடுகளைப் பெற வேண்டும். பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவு 0.1 மி.லி. ஒருவருக்கு முதலில் 19.8, அடுத்து 20.1, மூன்றாவது 19.9 என்று வந்தால், அது அந்தக் கருவியிலும் பழகாத கையிலும் முற்றிலும் இயல்பான பரவல். ஆனால் ரெக்கார்டு நோட்டில் 19.9, 19.9 என்றே எழுதப்படுகிறது. எதிர்பார்க்கப்படும் விடை வகுப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதும், விடைக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்பதை வைத்து மதிப்பெண் இறங்குவதும், நேர்மையான பதிவுக்குத் தண்டனையும் திருத்திய பதிவுக்குப் பரிசும் கொடுக்கும் ஏற்பாடாகிவிடுகின்றன. பதினாறு வயதில் ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் இதைப் பழகிய பிறகு, அறிவியல் மனப்பான்மை பற்றிய எந்தச் சொற்பொழிவும் அதை ஈடுகட்டாது. இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் மற்ற விழுமியங்களைப் பாடத்தில் சேர்ப்பது வீண் வேலை என்றே கருதுகிறேன்.

மாற்றம் பெரிய செலவைக் கேட்பதில்லை.

1. அடுத்தடுத்த மேசைகளுக்கு வேறுவேறு செறிவுள்ள கரைசல் தரலாம். 0.08 நார்மல் முதல் 0.12 நார்மல் வரை ஐந்து குடுவைகளைத் தயாரித்து, விடையை ஆசிரியர் மட்டும் வைத்துக்கொண்டால் பக்கத்து மேசையின் எண் பயன்படாது.

2. அளவீடுகளைப் பேனாவால் மட்டும் எழுதச் செய்து, தவறானதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்த எண் படிக்கும்படி விட்டுவைக்கச் சொல்லலாம்.

3. மதிப்பெண்ணின் பெரும்பகுதியை, பதிவான எண்ணிலிருந்து கணக்கு சரியாகப் பின்தொடர்கிறதா, விலகலுக்கு மாணவர் சொல்லும் காரணம் பொருத்தமானதா என்பதற்குத் தரலாம். முடிவுநிலையைத் தாண்டிவிட்டேன், பிப்பெட்டில் காற்றுக்குமிழ் இருந்தது என்று எழுதுபவர் முழு மதிப்பெண் பெறத் தகுதியானவர்.

4. ஒரே குடுவையைப் பயன்படுத்திய மேசைகளின் அளவீடுகள் அனைத்தையும் கரும்பலகையில் புள்ளிகளாகக் குறிக்கலாம். அளவீடு என்பது ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு பரவலாக இருப்பதை மாணவர் முதன்முறையாகக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

ஆண்டு இறுதிச் செய்முறைத் தேர்வு விடையின் நெருக்கத்தைப் பார்க்கும்வரை முரண்பாடு இருக்கவே செய்யும். அதற்காக ஆண்டு முழுவதையும் அந்த ஒரு நாளின் அச்சில் வார்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் இடம்: ஆய்வகத் தொட்டி

ஆறும் ஆலையும் பற்றிப் பேசும் முன், நம் ஆய்வகத்திலிருந்து வெளியேறும் நீரை அளப்பது நியாயம். முதல் அலகில் கற்கும் மோல் கணக்கே இதற்குப் போதுமானது.

ஃபெரஸ் சல்பேட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்பது அமில ஊடகத்தில் 0.02 மோலார் (இரண்டும் செறிவைச் சொல்லும் அலகுகள்). ஒரு தரம் பார்த்தலில் 20 மி.லி. செலவானால் அதிலுள்ள மாங்கனீசு 0.4 மில்லி மோல், அதாவது 22 மி.கி. ஐம்பது மாணவர்கள் தலைக்கு நான்கு முறை செய்தால் 200 தரம் பார்த்தல்கள், மாங்கனீசு 4.4 கிராம். ஃபெரஸ் கரைசல் 20 மி.லி., நீர்த்த கந்தக அமிலம் 20 மி.லி. என்று சேர்த்தால் ஒவ்வொன்றிலும் 60 மி.லி. கழிவு, மொத்தம் 12 லிட்டர். ஆகவே கழிவின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 367 மி.கி. மாங்கனீசு. நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு இந்தியாவின் பொதுத் தர வரையறை லிட்டருக்கு 2 மி.கி. எனவே தொட்டியில் ஊற்றும் அந்த நீர் வரையறையைப் போல 180 மடங்குக்கு மேல் நிற்கிறது.

வகுப்பில் இந்த எண் வந்ததும் முதலில் எழும் பதில், குழாயைத் திறந்துவிட்டால் நீர்த்துப்போகுமே என்பதாகவே இருக்கும். அங்கேதான் விழுமியமும் வேதியியலும் ஒன்றாகின்றன. நீர்த்தல் செறிவைக் குறைக்கிறது. பொருளின் அளவைக் குறைப்பதில்லை. 4.4 கிராம் எத்தனை லிட்டரில் போனாலும் 4.4 கிராம்தான். இந்த வாதத்தைச் சிறிய அளவில் தாங்களே உடைத்துப் பார்த்த மாணவர்கள், பெரிய ஆலை ஒன்று அதே வாதத்தைச் சொல்லும்போது அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்த படி சுத்திகரிப்பு. கந்தக அமிலம் 2 நார்மல் என்று கொண்டால், அந்த 12 லிட்டர் கழிவின் அமிலத்தை நடுநிலையாக்கி இரும்பையும் மாங்கனீசையும் ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்ய ஏறத்தாழ 320 கிராம் நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். மாங்கனீசு முழுமையாக இறங்கப் பிஎச் மதிப்பை 10 அளவுக்கு உயர்த்தி, காற்று படும்படி கலக்கிவிட வேண்டியிருக்கும். அப்போது வீழ்படிவு பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடாக மாறும். வடிகட்டிய நீரைத் திரும்பவும் 9-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே வெளியேற்ற முடியும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆசிரியரின் நேரடிப் பார்வையில் ஒரு பாடவேளையில் செய்து முடிக்கலாம். அப்போது வடிதாளில் தங்கும் சேறு அடுத்த கேள்வியை எழுப்பும்: இதை எங்கே வைப்பது? கழிவு மறைவதில்லை, வடிவம் மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரியவில்லை. குறைந்த அளவில் சோதனை செய்யும் முறைக்கு மாறுவது பற்றியும் அந்த நேரத்தில் மாணவர்களே கேட்பார்கள். 20 மி.லி.க்குப் பதில் 5 மி.லி. பிப்பெட் என்றால் கழிவு கால் பங்காகும். அளவீட்டின் சார்புப் பிழையோ கூடும். எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது.

மூன்றாம் இடம்: பாலாற்றங்கரை

ஓர் உப்பு நீரில் எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் மாறிலியான கரைதிறன் பெருக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் அயனிச் சமநிலையோடு வருவதால், இந்தப் பாடம் அந்த ஆண்டுக்கு உரியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வாதாரம். முன்பு ஆவாரம்பட்டையின் டானினால் வாரக்கணக்கில் நடந்த பதனிடுதல், காரக் குரோமியம் சல்பேட்டால் சில நாள் வேலையாகச் சுருங்கியது. தோல் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய குரோமியம் கழிவுநீரில் போகிறது. மக்கள் மனதில் இந்தச் சிக்கல் முழுக்கக் குரோமியத்தின் பெயரிலேயே பதிந்திருக்கிறது. வேதியியல் சொல்லும் செய்தி சற்று வேறானது.

மும்மை நிலையிலுள்ள குரோமியத்தின் ஹைட்ராக்சைடுக்குக் கரைதிறன் பெருக்கம் மிகமிகச் சிறியது. பிஎச் மதிப்பை 8 அல்லது 9-க்குக் கொண்டுவந்தால் பெரும்பகுதி வீழ்படிந்துவிடும். அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தவும் முடியும். கடினமான சிக்கல் சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு உப்பு தடவப்படுகிறது. ஊறவைக்கும்போது அதில் பெரும்பகுதி நீரில் இறங்குகிறது. சோடியத்தையும் குளோரைடையும் எளிதாக வீழ்படியச் செய்யும் மலிவான வினைபொருள் எதுவும் கிடையாது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் தேவை. அவற்றுக்கு மின்சாரமும் எரிபொருளும் தேவை. முடிவில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. இந்தச் செலவைச் சிறிய பதனிடும் பட்டறை தாங்குமா, வாங்கும் நிறுவனம் தாங்குமா, அரசு தாங்குமா, கிணறு உவர்ப்பாகிப்போன உழவர் தாங்குவதா என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது.

இந்தத் தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதே மாசு குறித்து 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்கும் மாணவருக்கு, பதிலின் ஒரு பாதி நிர்வாகத்தில் இருந்தாலும் மறுபாதி சோடியம் குளோரைடின் கரைதிறனில் இருக்கிறது என்று காட்ட முடிவது வேதியியல் ஆசிரியரால் மட்டுமே.

இங்கே ஒரு கவனம் தேவை. ஆம்பூரில் இந்த வகுப்பு நடந்தால் தந்தையோ தாயோ தோல் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். சிவகாசிப் பகுதியில் பேரியத்தின் ஆப்பிள் பச்சைச் சுடரைச் சோதனையில் காட்டும்போதும் இதே நிலைதான். பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விதித்த தடை அந்த வீடுகளின் கூலியைத் தொட்ட செய்தி. யாருடைய வீட்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அந்த வீட்டின் அனுபவ அறிவையும் சான்றாக மேசைக்குக் கொண்டுவரும்படி வினாக்களை அமைப்பது திட்டமிடுபவரின் கடமை.

ஹேபரும் ஓசோனும்

பதினொன்றாம் வகுப்பின் எட்டாம் அலகில் அம்மோனியா தயாரிப்பு லீ சாட்லியர் கொள்கைக்கு (சமநிலையிலுள்ள வினை, தன்மீது திணிக்கப்படும் மாற்றத்தை ஈடுகட்டும் திசையில் நகரும் என்பது) எடுத்துக்காட்டாக வருகிறது. அந்த முறையைக் கண்ட ஃபிரிட்ஸ் ஹேபர், 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்முனையில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டதற்கும் பொறுப்பாக இருந்தார். 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் பெற்றார். இந்த வரலாறு வகுப்பில் சொல்லப்பட வேண்டியதுதான், ஆனால் கதையாக மட்டும் சொன்னால் நீதிபோதனையாகத் தேங்கிவிடும். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒரு கணக்கில் இருக்கிறது. மீத்தேனும் நீராவியும் வினைபுரிந்து ஹைட்ரஜன் கிடைக்கும் வினையை எழுதி, 34 கிராம் அம்மோனியாவுக்குத் தேவைப்படும் 3 மோல் ஹைட்ரஜனைக் கணக்கிட்டால், 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு உடன் பிறக்கிறது. எரிபொருளைச் சேர்க்காமலே டன்னுக்கு டன் என்ற விகிதம். யூரியா தயாரிக்க அதே அம்மோனியாவுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு உள்ளே செல்கிறதே என்று ஒரு கூர்மையான மாணவர் மறுக்கலாம். வயலில் யூரியா சிதையும்போது அது திரும்பவும் காற்றில் சேர்வதை எழுதிப் பார்த்தால் கணக்கு முழுமையாகும். உலகின் உணவில் பெரும்பங்கு இந்த உரத்தைச் சார்ந்திருக்கும்போது, நிறுத்திவிடலாம் என்ற எளிய பதில் யாருக்கும் கிடைக்காது.

முன்பு குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் பதினான்காம் அலகோடு வருகின்றன. 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும், அவற்றிலிருந்து பிரியும் குளோரின் அணு ஓசோனைச் சிதைக்கும் சங்கிலி வினையை முன்வைத்தனர். 1985-இல் அண்டார்டிகாவின் ஓசோன் இழப்பு வெளியானது. 1987 செப்டம்பர் 16 அன்று அத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. தென்துருவத்து ஓசோன் இழப்பின் காரணத்தை உறுதிப்படுத்திய விமான அளவீடுகள் அந்த நாட்களில்தான் நடந்துகொண்டிருந்தன. எவ்வளவு சான்று இருந்தால் செயல்படலாம் என்பதை இதை வைத்துப் பேசலாம். மாற்றாக வந்த ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் வெப்பத்தைச் சிறைப்படுத்துவதால் 2016-இல் அந்த உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் தேவைப்பட்டது. நல்ல தீர்வையும் மறுபடி அளந்து பார்க்கும் பழக்கத்துக்கு இது ஏற்ற சான்று.

மதிப்பெண் எதற்கு

மாணவரின் கருத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கினால் ஆசிரியர் விரும்பும் கருத்தே விடைத்தாளில் வரும். அது முன்பு சொன்ன 19.9-இன் இன்னொரு வடிவம். ஆகவே பத்து மதிப்பெண் வினா ஒன்றை இவ்வாறு பிரிக்கலாம்.

1. கணக்குக்கும் சமன்பாட்டுக்கும் 5.

2. யார் யார் எவ்விதம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை எண்ணோடு காட்டுவதற்கு 3.

3. எந்தக் கூடுதல் அளவீடு கிடைத்தால் தன் முடிவு மாறும் என்று எழுதுவதற்கு 2.

முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு மதிப்பெண் இல்லை. மூன்றாவது பகுதி சிறியதாகத் தோன்றினாலும் எழுதக் கடினமானது அதுவே; பெரியவர்களின் விவாதங்களில் அரிதாகவே காணப்படுவதும் அதுவே.

நேரம்

ஓராண்டுக்கு இப்படிப்பட்ட இடங்கள் நான்கு அல்லது ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடவேளைகள். தரம் பார்த்தல் செய்முறையின் தொடக்கத்திலேயே பதிவு முறை மாற்றம், மோல் கணக்கு முடிந்ததும் ஆய்வகத் தொட்டி, எட்டாம் அலகுக்குப் பின் அம்மோனியா, பதினான்காம் அலகோடு ஓசோன் என்று வரிசைப்படுத்தினால், பதினைந்தாம் அலகைத் தொடும்போது மாணவருக்கு அது ஏற்கெனவே நடந்த பாதையின் தொடர்ச்சியாக இருக்கும். ஆசிரியருக்கு முன்தயாரிப்பாக வேண்டியது தன் பள்ளியின் எண்கள் மட்டுமே. கடந்த ஆண்டு வாங்கிய பொட்டாசியம் பெர்மாங்கனேட் எத்தனை கிராம், மீதி எவ்வளவு என்பது ஆய்வக இருப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். தொட்டிக்குள் போன மாங்கனீசின் கணக்கை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.